காத்துக்கு பேனா, வெயிலுக்கு பேப்பர்: இயற்கையைக் கூட்டு சேர்த்துக்கிட்டு கலை பண்றது எப்படி

கீழ விழுந்து கிடக்கற இலைகளைப் பொறுக்கி வட்டமா அடுக்கி மேலேர்ந்து ஒரு போட்டோ எடுத்துப் போட்டா அழகாத்தான் இருக்கும், யாரும் குறை சொல்லப் போறதில்ல, ஆனா அதுல இயற்கை என்ன வேலை பண்ணுச்சுன்னு கேட்டா ஒண்ணுமே இல்ல, மெட்டீரியல் சப்ளை பண்ணுச்சு, அவ்ளோதான். இங்க நான் எழுதப் போறது வேற. காத்து, வெயில், மழை, அலை, மண்ணு இதுல ஏதாவது ஒண்ணு கையில வேலையோட ஒரு பங்கை நிஜமாவே ஒப்படைச்சுட்டு நாம தள்ளி நிக்கறது. படம் வரையத் தெரியணும்னு அவசியம் இல்ல, பெரிய செலவும் இல்ல, பொறுமை மட்டும் நிறைய வேணும்.

முதல்ல ஒரு முடிவு எடுக்கணும், பேப்பர் பேனா வாங்கறதுக்கெல்லாம் முன்னாடி. இந்த வேலையில எது என் கையில, எதை விட்டுக் கொடுக்கறேன். இதை ஒரே வரியில எழுதி வெச்சுக்கோங்க. உதாரணத்துக்கு, "பேப்பர் சைஸ், பேனா கலர், எவ்ளோ நேரம் விடறது, இது மூணும் என்னோடது, கோடு பூரா காத்தோடது." சும்மா மனசுல நெனச்சுக்கிட்டா பத்தாது, ஏன்னா வேலை பாதியில இருக்கறப்ப கை துறுதுறுங்கும், அந்த ஓரம் காலியா இருக்கே நாமளே ரெண்டு இழுப்பு இழுத்துட்டா என்னன்னு தோணும். இழுத்தீங்கன்னா முடிஞ்சுது, அப்புறம் அது காத்து போட்ட கோடும் இல்ல நீங்க போட்ட கோடும் இல்ல, ரெண்டுங்கெட்டானா நிக்கும். பார்க்கறவங்களுக்கு அது எப்படியோ தெரிஞ்சுடும்.

எவ்ளோ தூரம் விட்டுக் கொடுக்கலாம்னு கேட்டா டேவிட் நாஷ்னு ஒரு சிற்பி பண்ணதைச் சொல்லணும். வேல்ஸ்ல 1978ல ஒரு ஓக் மரத்துலேர்ந்து பெரிய மர உருண்டை ஒண்ணு செதுக்கினார், அதைக் கீழ கொண்டு போக ஓடையில உருட்டி விட்டா நடுவழியில மாட்டிக்கிச்சு. வேற யாராவது இருந்தா ஆளுங்களை வெச்சு கயிறு கட்டி இழுத்திருப்பாங்க. அவர் சரி, இனிமே ஓடையே கொண்டு போகட்டும்னு விட்டுட்டார். வெள்ளம் வர்றப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, ஆத்துக்கு வந்து, முகத்துவாரத்துக்கு வந்து, 2003ல ஆளையே காணோம், 2013ல திரும்பத் தலை காட்டுச்சு. அத்தனை வருஷமும் அவர் பண்ணதுல முக்கால்வாசி பின்னாடியே போய்ப் பார்த்து படம் எடுத்தது, வரைஞ்சு வெச்சது, அவ்ளோதான். இன்னொரு பக்கம் ரிச்சர்ட் லாங்னு ஒரு கலைஞர், 1967ல ஒரு புல்வெளியில ஒரே நேர்கோட்டுல முன்னையும் பின்னையும் நடந்துக்கிட்டே இருந்தார், புல்லு படிஞ்சு வெயில் பட்டு கோடா தெரிய ஆரம்பிச்சதும் ஒரு போட்டோ எடுத்தார், வேலை முடிஞ்சுது. கருவின்னு கையில ஒண்ணுமே இல்ல. ஆரம்பிக்கறவங்க இந்த மாதிரி ஆளுங்களைப் பார்த்து ஆரம்பிக்கறதுதான் நல்லதுன்னு நான் நெனைக்கறேன். ராபர்ட் ஸ்மித்சன் 1970ல அமெரிக்காவுல கிரேட் சால்ட் லேக்ல 460 மீட்டர் நீளத்துக்கு கருங்கல்லைக் கொட்டி ஒரு சுருள் போட்டாரே, பிரமாண்டம்தான், ஏரித் தண்ணி ஏறி அதை முழுங்கினதும், பல வருஷம் கழிச்சு உப்பு பூத்து வெள்ளையா வெளிய வந்ததும் அதைவிட பிரமாண்டம், ஆனா லாரியும் பொக்லைனும் வெச்சு ஆயிரக்கணக்கான டன் கல்லைப் புரட்டற வேலையெல்லாம் நமக்கு மாடல் இல்ல.

இடத்தைப் பத்தி. ரொம்ப தூரம் போகாதீங்க. தினம் நடந்து போய்ப் பார்க்கற தூரத்துல ஒரு இடம், ஒரு மரம் ஆனாக்கூட போதும். காலையில, மத்தியானம், சாயந்திரம்னு மூணு வேளையும் போய்ப் பாருங்க, வெயில் எங்க விழுது, எத்தனை மணிக்கு நிழல் வருது, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருது, மழைத்தண்ணி எங்க தேங்குது, யாரு யாரு அந்த வழியா போறாங்க, நாய் வருதா. கேமரா வேண்டாம், எழுதி வெச்சுக்கோங்க. கையெழுத்துல எழுதறப்பதான் எதைக் கவனிக்காம விட்டோம்னு தெரியும். அங்க எதை எடுக்கலாம், எதைத் தொடலாம்னு சொல்ற அதிகாரம் யாருகிட்ட இருக்குன்னும் முதல்லயே கேட்டுடுங்க, பார்க்கோ காடோ கடற்கரையோ எல்லாத்துக்கும் ஒரு ரூல்ஸ் இருக்கும்.

காத்தை வரைய விடறது

ஆரம்பிக்க இதுதான் பெஸ்ட். டிம் நோல்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கலைஞர் மரக்கிளை நுனியில பேனாவைக் கட்டி, எதிர்ல ஈசல்ல, அதாவது ஓவியம் வரையற ஸ்டாண்டுல, பேப்பரை வெச்சு மரத்தையே வரைய விட்டார். ஓக் ஒரு விதமா வரையுது, லார்ச் ஒரு விதமா வரையுது. நீங்களும் ரெண்டு வேற வேற மரத்துல பண்ணிப் பாருங்க, தொங்கற மெல்லிசான கிளை நீளநீளமா வளைச்சு வளைச்சுப் போடும், விறைப்பான குட்டைக் குச்சி ஒரே இடத்துல கீறு கீறுன்னு கீறிக்கிட்டு இருக்கும்.

பேனா விஷயத்துலதான் நிறைய பேருக்கு வேலை கெடும். பால்பாயின்ட் வேலைக்கே ஆகாது, அதுக்கு அழுத்தம் வேணும், கிளைக்கு அவ்ளோ பலம் கிடையாது. ஜெல் பேனாவும் தலைகீழாவோ படுக்கையாவோ பிடிச்சா நின்னுடும். ஸ்கெட்ச் பேனா, நுனி மெத்துன்னு இருக்கற மெல்லிய ஃபைபர் டிப் பேனா, இதுதான் சரி, தொட்டாலே கோடு விழும். முடிஞ்ச வரைக்கும் லேசான பேனாவா எடுங்க, பேனா கனமா இருந்தா கிளை தொங்கிடும், அப்புறம் அது காத்துக்கு ஆடறதுக்கு பதிலா பேனா கனத்துக்கு ஆடும். கட்டறதுக்கு பருத்தி நூல், இல்லன்னா மெல்லிசா கிழிச்ச துணி. கம்பி, கேபிள் டை வேண்டவே வேண்டாம், பட்டையை அறுத்துடும், பட்டைக்கு அடியிலதான் மரத்தோட சாப்பாடு ஓடுது, சுத்தி அறுபட்டா அந்தக் கிளை காஞ்சு போயிடும். நூலை ரெண்டு சுத்து சுத்தி, பேனா நுனி கிளை நுனியைத் தாண்டி ரெண்டு மூணு விரக்கடை நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி கட்டுங்க.

அப்புறம் போர்டு. தடிமனான அட்டையோ பிளைவுட்டோ, மேல பேப்பரை நாலு பக்கமும் கிளிப் போட்டு இழுத்துப் பிடிச்சு வையுங்க. கிளை தன்பாட்டுக்கு சும்மா நிக்கறப்ப பேனா நுனி பேப்பரை லேசா தொட்டுக்கிட்டு இருக்கணும், அழுத்தக்கூடாது. இந்த தூரத்தை சரி பண்றதுலதான் நேரம் போகும், போனாப் போகட்டும், பத்து நிமிஷம் உக்காந்து சரி பண்ணுங்க, ஈசல் இல்லன்னா ரெண்டு செங்கல் மேல போர்டை சாய்ச்சு வெச்சாலும் போதும், ஆனா போர்டு அசையக்கூடாது, அசைஞ்சா கோடு கிளையோடதா போர்டோடதான்னே தெரியாது.

எந்தக் காத்துல பண்றதுன்னு கேட்டா காத்தோட வேகத்தை நம்பர் போட்டுச் சொல்ற பியூஃபோர்ட் அளவுல மூணாம் நம்பர் காத்து, அதாவது மணிக்கு 12லேர்ந்து 19 கிலோமீட்டர். இலையும் சின்னக் குச்சியும் நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும், அதுதான் அடையாளம், மீட்டர் எதுவும் வேண்டாம். ரெண்டாம் நம்பர்ல இலை மட்டும் சலசலக்கும், பேனா ஒரே புள்ளியில உக்காந்து மை ஊறி பெரிய கறையா ஆயிடும். நாலாம் நம்பர் வந்தா, மணிக்கு 20லேர்ந்து 28, தூசியும் தாளும் பறக்கும், உங்க பேப்பரும் அதோட பறக்கும்.

எப்ப நிறுத்தறது? இதை முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்கன்னு சொன்னேன் இல்ல, அதுக்குக் காரணம் இதுதான். 20 நிமிஷம்னு முடிவு பண்ணா 20 நிமிஷம், படம் நல்லா வருது இன்னும் கொஞ்சம் விடலாம்னு போனா மொத்தமும் கருப்பா அடைஞ்சுடும். ஒரே பேப்பர்ல மணிக்கணக்கா விடறதை விட, காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் அப்பப்ப கால் மணி நேரத்துக்கு ஒரு பேப்பர்னு நாலஞ்சு எடுத்தா, காத்து எப்படி மாறுச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். முடிஞ்சதும் நூலை அவுத்துட்டு வாங்க, மறந்துட்டு வராதீங்க.

வெயில் போடற அச்சு

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். இலை, பூ, கிழங்கு இதுல இருக்கற நிறம் வெயில்ல வெளுத்துப் போகும், இது எல்லாருக்கும் தெரியும். அந்த வெளுக்கறதையே அச்சா பயன்படுத்திக்கறதுக்குப் பேரு ஆந்தோடைப். சாறைப் பேப்பர்ல பூசி, மேல ஒரு இலையை வெச்சு, வெயில்ல விட்டா இலை மறைச்ச இடம் நிறமா நிக்கும், மத்ததெல்லாம் வெளுத்துடும். ஜான் ஹெர்ஷல்னு ஒரு விஞ்ஞானி 1842ல இதைப் பத்தி விரிவா எழுதினார், நீல அச்சு எடுக்கற சயனோடைப்பும் அதே வருஷம் அவரோட வேலைதான். ஆந்தோடைப் யாருக்கும் வியாபாரத்துக்கு ஆகல, ரொம்ப லேட்டாகும், அச்சு நிலைச்சும் நிக்காது. நமக்கு அந்த லேட்டுதான் வேணும்.

நிறத்துக்கு பசலைக்கீரை, பீட்ரூட், சிவப்பு செம்பருத்தி இதழ், மஞ்சள் தூள் இதெல்லாம் எடுக்கலாம். முதல் தடவை பண்றவங்க மஞ்சளை எடுங்க, வெயிலுக்கு சீக்கிரம் வெளுக்கும், நல்ல உச்சி வெயில்னா சில மணி நேரத்துலயே தெரியும். பசலையும் பீட்ரூட்டும் சில நாள் ஆகும், சிலது வாரக்கணக்குல ஆகும், மேகமூட்டமா இருந்தா கேக்கவே வேண்டாம்.

மஞ்சள் நிறம் தண்ணியில சரியா கரையாது, ஸ்பிரிட்ல கரையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 50 மில்லியில ரெண்டு டீஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் அடியில படிய விட்டு, மேல தெளிஞ்சதை மெல்லிசான துணியிலயோ காபி ஃபில்டர்லயோ வடிகட்டுங்க. கேஸ் அடுப்புப் பக்கத்துல பண்ணாதீங்க, பத்திக்கும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க. கீரை, பூ எதுவா இருந்தாலும் கொஞ்சமா தண்ணியோ ஸ்பிரிட்டோ விட்டு அரைச்சு இதே மாதிரி வடிகட்டணும், திப்பி ஒரு துணுக்கு தங்கினாக்கூட பேப்பர்ல புள்ளி புள்ளியா நிக்கும்.

பேப்பர் தடிமனான வாட்டர்கலர் பேப்பர். சாதா பிரிண்டர் பேப்பர் நனைஞ்சதும் சுருங்கி அலையலையா ஆயிடும். அகலமான பிரஷ்ஷால ஒரு கோட் நெடுக்குல, காஞ்சதும் இன்னொரு கோட் குறுக்குல, வேணும்னா மூணாவது. காய வைக்கறது இருட்டுல, அலமாரிக்குள்ள வெச்சா போதும்.

மேல வைக்கற இலை முன்னாடியே புத்தகத்துக்குள்ள வெச்சு அழுத்திக் காய வெச்சதா இருக்கட்டும். பச்சை இலையை வெச்சா கண்ணாடிக்கு அடியில சூட்டுல வேர்த்து தண்ணி விட்டு, நிறம் கலங்கி, இலை ஓரமெல்லாம் கறை படிஞ்சுடும். தடிமனான இலை வெறும் வடிவத்தை மட்டும் கொடுக்கும். மெல்லிசான இதழ், இறகு மாதிரி பிரிஞ்ச பெரணி இதெல்லாம் உள்ள கொஞ்சம் வெளிச்சம் விடும், அதனால நரம்பு நரம்பா வரும். போட்டோ ஃபிரேம்ல அட்டை, அதுமேல பூசின பேப்பர், அதுமேல இலை, அதுமேல கண்ணாடி, சுத்தி கிளிப். இலை பேப்பரோட நல்லா ஒட்டி அழுந்தி இருக்கணும், இடைவெளி இருந்தா ஓரம் மங்கலா வரும். பேப்பரோட ஒரு ஓரத்துல விரல் அகலத்துக்கு கருப்பு அட்டை ஒட்டி மறைச்சுடுங்க, நடுநடுவுல அதை மட்டும் தூக்கிப் பார்த்தா அசல் நிறம் என்ன, இப்ப எவ்ளோ வெளுத்திருக்குன்னு தெரியும். இலையைத் தூக்கிப் பார்க்காதீங்க, திரும்ப அதே இடத்துல வைக்க யாராலயும் முடியாது.

வெயில்ல வெச்சுட்டு வந்துடுங்க. சூரியன் நகர நகர ஃபிரேமையும் திருப்பலாம், திருப்பாமலும் விடலாம், திருப்பாம விட்டா தண்டு, காம்பு இதோட நிழல் சாய்ஞ்சு சாய்ஞ்சு ஓரத்துல ஒரு மெல்லிசான கரை விழும், எனக்கு அதுதான் பிடிக்கும், அன்னைக்கு சூரியன் போன வழி அதுல இருக்கு.

மஞ்சளுக்கு மட்டும் கடைசியில ஒரு வேலை இருக்கு. அரை லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் போராக்ஸ், அதாவது வெங்காரம், கலந்து ஒரு தட்டுல ஊத்தி, வெளுத்த பேப்பரை அதுல நழுவ விடுங்க. வெளிர் மஞ்சளா, சப்பையா இருந்த படம் தண்ணி தொட்ட இடத்துலேர்ந்து செங்கல் சிவப்பா மாறிக்கிட்டே போகும், இலை இருந்த இடம் மட்டும் ஆழமா, சுத்தி வெயில் பட்ட இடம் வெளிறிப் போய், அதுவரைக்கும் கண்ணுக்கே தெரியாத நரம்பெல்லாம் அப்பதான் எழும்பி வரும். காரம் பட்டா மஞ்சள் சிவக்கும், அதுதான் இதுல நடக்கறது, வெயில் ஏற்கனவே கெடுத்து வெச்ச இடத்துல சிவக்கறதுக்கு மஞ்சளே மிச்சம் இல்ல. வெளிய எடுத்து தண்ணியில ஒரு அலசு அலசி நிழல்ல காய வைங்க. போராக்ஸ் வாய்க்குப் போகக்கூடாது, சமையல் பாத்திரத்தை இதுக்கு எடுக்காதீங்க, குழந்தைங்க பக்கத்துல இருந்தா நீங்களே பண்ணுங்க.

ஆந்தோடைப்பை நிலைக்க வைக்க வழி இல்ல. சுவத்துல மாட்டினா மெல்ல மெல்ல வெளுக்கும். ஆல்பத்துக்குள்ள, டிராயர்க்குள்ள வெச்சா ரொம்ப நாள் இருக்கும். மாட்டித்தான் ஆகணும்னா ஸ்கேன் எடுத்து அந்த பிரிண்ட்டை மாட்டுங்க, இல்லன்னா மாட்டி வெச்சு வெளுக்கறதையும் வேலையோட பகுதியா சேர்த்துக்கோங்க, ரெண்டாவதுக்கு கொஞ்சம் தில்லு வேணும்.

பொறுமை இல்லாதவங்களுக்கு சயனோடைப். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணியில, பொட்டாசியம் ஃபெரிசயனைட் 10 கிராம் வேற 100 மில்லி தண்ணியில, ரெண்டையும் தனித்தனி பாட்டில்ல வெச்சுக்கிட்டு பூசறப்ப மட்டும் சமமா கலக்கணும். கிளவுஸ் போட்டுக்கோங்க. மங்கலான பல்பு வெளிச்சத்துல பூசி இருட்டுல காய வெச்சு, இலை வெச்சு, நல்ல வெயில்ல பத்து இருபது நிமிஷம், அப்புறம் சாதா தண்ணியில மஞ்சள் தன்மை போற வரைக்கும் அலசணும், இலை இருந்த இடம் வெள்ளையா, சுத்தி நீலமா நிக்கும். ஆனா அந்தத் தண்ணியை செடிக்கோ குளத்துக்கோ ஊத்தக்கூடாது. அன்னா அட்கின்ஸ் 1843லேர்ந்து கடல்பாசியெல்லாம் இப்படித்தான் அச்செடுத்து புத்தகமாவே போட்டாங்க, முழுக்க போட்டோ அச்சுல வந்த முதல் புத்தகம்னு அதைத்தான் சொல்வாங்க.

மழையும் அலையும்

மழைக்கு ரொம்ப எளிசு. தண்ணியில கரையற மையால பேப்பர் பூரா கோடு போட்டுட்டு மழை ஆரம்பிக்கறப்ப வெளிய நீட்டுங்க, அஞ்சு எண்ணுங்க, உள்ள எடுங்க, மட்டமா வெச்சுக் காய வைங்க. பத்து எண்ணினா இன்னொரு படம். ஒரு நிமிஷம் விட்டா வெறும் அழுக்குத் தண்ணிதான். தூறல்னா துளி அரை மில்லிமீட்டர்க்கும் கம்மி, பொடிப்பொடியா விழும், இடி மழையில முதல்ல விழற பெரிய சொட்டெல்லாம் பல மில்லிமீட்டர் இருக்கும், பேப்பர்ல விழுந்து நட்சத்திரமா தெறிக்கும், ஆனா இடி இடிக்கறப்ப வெட்டவெளியில நிக்காதீங்க, ஜன்னலோரமா பண்ணுங்க. பேப்பரும் வேண்டாம்னா ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்திங்கற கலைஞர் பண்றது இருக்கு, மழை தூற ஆரம்பிச்சதும் கல்லுத்தரையில மல்லாக்க படுத்துக்குவார், சுத்தி நனைஞ்சதும் எழுந்துக்குவார், காஞ்ச உருவம் ஒண்ணு தரையில இருக்கும், அடுத்த மழைச்சொட்டு விழுந்து அழிக்கறதுக்குள்ள ஒரு போட்டோ.

கடற்கரையில வரையணும்னா கடல் தண்ணி எப்ப ஏறும் எப்ப இறங்கும்னு சொல்ற ஓத அட்டவணையை முதல்ல பாருங்க. பெரும்பாலான இடத்துல ஒரு ஏற்றத்துலேர்ந்து அடுத்த ஏற்றத்துக்கு சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும், நேத்து வந்த அதே நேரத்துக்கு இன்னைக்கு வந்தா கணக்கு தப்பும். தண்ணி இறங்க ஆரம்பிச்சதும் நீங்களும் இறங்கினா சுமார் ஆறு மணி நேரம் அது பின்வாங்கிக்கிட்டே இருக்கும், ஈரமணலா கிடைக்கும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி தண்ணி ரொம்ப தூரம் உள்வாங்கும், பெரிய படம் போட அதுதான் நேரம். தோட்டத்து ரேக் ஒண்ணு, ஒரு குச்சி, நீளமான கயிறு போதும். குச்சியை நட்டு கயிறைக் கட்டி வட்டம் போடுங்க, ரேக்கைப் பின்னோக்கி இழுத்துக்கிட்டே நடங்க, முன்னோக்கித் தள்ளினா உங்க காலடி பூரா படத்து மேலதான் இருக்கும். நடுவுலேர்ந்து வெளிய வர்ற மாதிரி பிளான் பண்ணுங்க, ஜிம் டெனெவன் மாதிரி மணல்ல படம் போடற கலைஞருங்க கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் போடறாங்க, நமக்கு ஒரு பத்து மீட்டர் போட்டாலே இடுப்பு கழண்டுடும். கடலுக்கு முதுகு காட்டி ரொம்ப நேரம் வேலை பண்ணாதீங்க. ஆமை முட்டை போடற கரைன்னா சீசன்ல மேல் பக்கத்து காஞ்ச மணல்ல கையே வைக்கக்கூடாது.

இதுல நீங்க விட்டுக் கொடுக்கறது எது? அழிக்கறதை. படம் முழுக்க உங்களோடது, எந்த வரிசையில அழியணும்ங்கறது அலையோடது. அதனால அழியறதையும் நினைச்சு வரையுங்க, தண்ணி முதல்ல தொடற பக்கத்துல என்ன வைக்கறீங்க, பள்ளமா கீறின கோட்டுல தண்ணி முதல்ல ஓடி நிரம்புமே, அதை எந்தப் பக்கம் ஓட விடறீங்க, இதையெல்லாம் யோசிச்சா சும்மா அழகான டிசைன் போடறதை விட பல மடங்கு சுவாரசியமா இருக்கும்.

மண்ணுக்குள்ள

சுருக்கமா சொல்றேன். சுத்தமான பருத்தித் துணியில பாலியஸ்டர் நூலால ஒரு படம் தைங்க. ஈரப்பதமான, உயிர்ப்புள்ள மண்ணுல ஒரு சாண் ஆழத்துல விரிச்சுப் புதைங்க, மேல ஒரு கம்பு நட்டு அடையாளம் வைங்க, இல்லன்னா எங்க புதைச்சோம்னே தெரியாது. பருத்தி செல்லுலோஸ், மண்ணுல இருக்கற நுண்ணுயிருங்க அதைத் தின்னும், பாலியஸ்டரை அதுங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு மூணு வாரத்துல தோண்டினா அங்கங்க ஓட்டையும் கறையுமா இருக்கும், ரெண்டு மாசத்துல நல்ல மண்ணுன்னா துணி கந்தலாயிடும், நூல் மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். மண்வெட்டியால தோண்டாதீங்க, கையால மண்ணை விலக்கி, தட்டோட அள்ளி எடுங்க. நூலை ஒரு இழை விடாம எடுத்துடணும், அது பிளாஸ்டிக். அந்த உறுத்தல் வேண்டாம்னா பருத்தி நூலாலயே தைங்க, தையல் விழுந்த இடம் தடிமனா இருக்கறதால கொஞ்சம் லேட்டாதான் கரையும், ஆனா ஜாக்கிரதையா சீக்கிரமே தோண்டி எடுக்கணும்.

எதையெல்லாம் தொடக்கூடாது

இலை, முள்ளு, புல்லுத்தண்டு வெச்சு அடுக்கற வேலை பண்றவங்களுக்கும் சேர்த்துதான் இது. உதிர்ந்ததை மட்டும் எடுங்க. பசை வேண்டாம், ஈரத்தாலயே இலை மேல இலை ஒட்டும், முள்ளை ஊசி மாதிரி குத்தி ரெண்டு இலையை இணைக்கலாம், காம்பைக் கிள்ளி அதாலயே தைக்கலாம். காத்து தூக்கிட்டுப் போனா அது அதோட பங்கு. கள்ளி மாதிரி பால் வர்ற செடியை உடைக்காதீங்க, அந்தப் பால் கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து. தெரியாத செடியைக் கசக்கி முகத்துல கை வைக்காதீங்க.

இந்தக் கல்லு மேல கல்லு அடுக்கறது இருக்கே, போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓடைக் கல்லுக்கு அடியிலதான் பூச்சியோட புழுவும் மீன் முட்டையும் இருக்கும், ஒவ்வொரு கல்லாப் புரட்டினா ஒவ்வொரு வீடாப் புரட்டற கதைதான். மலைப்பாதையில கல்குவியல் வழிகாட்டியா இருக்கற இடத்துல நீங்க புதுசா ஒண்ணு அடுக்கினா யாராவது அதை நம்பி வழி தப்பிப் போவாங்க. பாறை மேல பாசி மாதிரி ஒட்டிப் படர்ந்திருக்கற லைக்கனைச் சுரண்டாதீங்க, சில வகை வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட வளராது, கையகலம் இருக்கறது உங்களை விட வயசானதா இருக்கலாம். பாசியை மோர்ல அரைச்சு சுவத்துல பூசினா பாசியே எழுத்தா வளரும்னு ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், அதுல பெரும்பாலும் வர்றது பூஞ்சைதான், அதுக்காக உயிரோட இருக்கற பாசியைப் பிய்க்காதீங்க. பறவை இறகு பொறுக்கறது கூட எல்லா ஊர்லயும் சரி கிடையாது, அமெரிக்காவுல 1918லேர்ந்து இருக்கற வலசைப் பறவைச் சட்டப்படி பெரும்பாலான காட்டுப் பறவையோட இறகை வெச்சிருந்தாலே குத்தம், கீழ கிடந்துச்சுன்னு சொன்னாலும் செல்லாது. ஜிகினா, பெயின்ட், பிளாஸ்டிக் மணி எதையும் வெளியில கொண்டு போகாதீங்க. உப்பையும் கொட்டாதீங்க, செடி கருகிடும்.

பதிவு பண்ணி வைக்கறது

பாதி வேலை காணாமப் போகற வேலைங்கறதால பதிவு முக்கியம், ஆனா கேமராவே வேலையைத் தின்னுடக்கூடாது. ஒரே இடத்துல நின்னு, ஒரே உயரத்துலேர்ந்து, ஒரே பக்கம் பார்த்து எடுங்க, நிக்கற இடத்துல ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளம் வெச்சுக்கோங்க, கடைசியில வரிசையா பார்க்கறப்பதான் மாற்றம் தெரியும். கிட்டத்துல ஒண்ணு, தூரத்துல ஒண்ணு, சுத்துப்புறத்தோட ஒண்ணு. சாய்ஞ்ச வெயில்ல எடுத்தா மணல் கோட்டோட ஆழம் நிழலா விழும், உச்சி வெயில்ல எல்லாம் தட்டையாயிடும். ஃபில்டர் போட்டு நிறத்தை ஏத்தாதீங்க, செங்கல் சிவப்பு எவ்ளோ சிவப்பா வந்துச்சோ அவ்ளோ சிவப்புதான்.

பேப்பர்ல வந்த வேலைன்னா பின்பக்கம் பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறி வரும். தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், எந்த மரம், எந்தத் திசைக் காத்து, வெயிலா மேகமா, எந்த சாறு, எத்தனை கோட். ஆந்தோடைப்புக்கு இது இல்லாம அடுத்த தடவை ஒண்ணும் பண்ண முடியாது, ஒரே கீரையே இளசா முத்தலான்னு பார்த்து நிறம் மாறும், வெளுக்கற நேரமும் மாறும். மீதி சாறு ஃபிரிட்ஜ்ல வெச்சாக்கூட ரெண்டு நாளைக்கு மேல தாங்காது, நுரை கட்டி வாடை வரும், அதனால ஒரு தடவை அரைச்சா நாலஞ்சு பேப்பரா பூசி இருட்டுல வெச்சுக்கோங்க, வெயில் வர்ற அன்னைக்கு எடுத்துக்கலாம்.